சிறுநீர்ப் புரதங்களில் புராஸ்டேட் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடுவது: முதல் குழாய் முதல் கடைசிச் சரிபார்ப்பு வரை

இந்த ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியில்) ஓட்டுவது என்பதைத்தான். என் அனுபவத்தில் அந்தக் கருவியால் கெட்டுப்போன ஆய்வுகள் மிகக் குறைவு. யாரிடமிருந்து, எந்த நேரத்தில், எந்தக் குழாயில் மாதிரி எடுத்தோம் என்பதிலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. அங்கே நேரும் பிழையைப் பின்னால் எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. அதனால் இந்த வழிகாட்டியில் கருவிக்கு முந்தைய படிகள் நீளமாகவும் கருவி சுருக்கமாகவும் இருக்கும். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் அடுத்ததன் கையைக் கட்டிப்போடுகிறது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"புராஸ்டேட் புற்றுநோய்க்கு உயிர்க்குறிப்பான் கண்டுபிடிக்க வேண்டும்" என்பது ஆசை (உயிர்க்குறிப்பான் என்பது நோயைக் காட்டிக்கொடுக்கும், அளக்கக்கூடிய பொருள்). ஆய்வுக் கேள்வியில், யாருக்கு, எந்த முடிவை எடுக்கும் தருணத்தில் அந்தச் சோதனை உதவப்போகிறது என்பது இருக்க வேண்டும்.

நல்ல கேள்வி இப்படி இருக்கும்: "ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரை உள்ள, இதுவரை பயாப்சி செய்துகொள்ளாத ஒருவருக்கு, தரக்குழு 2 அல்லது அதற்கு மேற்பட்ட புற்றுநோய் இருக்கிறதா?"

இந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட்டுக்கு உரிய புரதமே தவிர, புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. சுரப்பி வயதோடு வீங்கினாலும், அதில் அழற்சி வந்தாலும் அது உயரும். 4 முதல் 10 வரையிலான இடைவெளியில் பயாப்சி செய்துகொள்ளும் பலருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மறுபக்கம், 4 அல்லது அதற்குக் கீழே இருப்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது: 2004இல் வெளியான ஒரு பெரிய தடுப்பு ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குப் பயாப்சியில் புற்றுநோய் தென்பட்டது.

தரக்குழு 2 என்று எல்லை வகுப்பதும் அதேபோல் முக்கியம். தரக்குழு என்பது நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் தோற்றத்தைக் கொண்டு, கட்டி எவ்வளவு தீவிரமானது என்று 1 முதல் 5 வரை தரும் மதிப்பெண். தரக்குழு 1, அதாவது பழைய கிளீசன் மதிப்பெண்ணில் 3+3, பெரும்பாலும் மெதுவாக வளர்வது; பலருக்கும் உடனடிச் சிகிச்சை தேவைப்படாது. அதையும் சேர்த்துப் பிடிக்கும் சோதனை, சிறுநீர்க் கசிவையும் விறைப்புக் குறைபாட்டையும் உண்டாக்கக்கூடிய சிகிச்சைக்குத் தேவையில்லாதவரை அனுப்பிவைக்கும். எதைப் பிடிக்க வேண்டும் என்பதோடு எதை விட்டுவிட வேண்டும் என்பதும் கேள்வியிலேயே இருக்கட்டும்.

2. யாரை யாரோடு ஒப்பிடுவது என்று முடிவெடுங்கள்

நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். புற்றுநோய் உள்ளவர்களின் சிறுநீர் மருத்துவமனையிலிருந்து வருகிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கோ, ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் இருபத்தைந்து வயது இளைஞர்கள் கொடுக்கிறார்கள். இரண்டு குழுக்களும் அழகாகப் பிரிந்துவிடுகின்றன, எல்லோருக்கும் மகிழ்ச்சி. உண்மையில் அங்கே அளக்கப்பட்டது வயது. இளையவர்களின் சுரப்பி சிறியது, அதன் சுரப்பும் வேறு. முதியவர்களிடம் மருந்துகள், சர்க்கரை நோய், சிறுநீரகத் தேய்மானம் எல்லாம் கலந்திருக்கும்.

ஒப்பீட்டுக் குழுவில் இருக்க வேண்டியவர்கள், அதே மருத்துவரிடம், அதே பி.எஸ்.ஏ. கவலையோடு வந்து, அதே பயாப்சியைச் செய்துகொண்டு, புற்றுநோய் இல்லை என்றோ தரக்குழு 1 மட்டுமே என்றோ முடிவு வாங்கியவர்கள். நாளை இந்தச் சோதனை பிரித்துக் காட்ட வேண்டியது அவர்களைத்தான்.

இதை நேர்மையாகச் செய்யச் சிறந்த வழி, பயாப்சிக்கு முன்பே, வருகிறவர்கள் எல்லோரிடமும் வரிசையாக மாதிரி எடுத்துவிடுவது. யாருக்கு நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே கையாளுதலில் பாகுபாடு நுழைய இடமில்லை. முடிவு வந்த பிறகு சேமிப்பிலிருந்து எடுத்து, குறியீட்டை மறைத்து அளக்கலாம்.

சேர்க்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டியவை: வயது, பி.எஸ்.ஏ., சுரப்பியின் கன அளவு, எம்.ஆர்.ஐ. மதிப்பெண், மருந்துகள். சுரப்பி வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு எடுப்பவர்களைக் கட்டாயம் தனியாகக் குறியுங்கள். இவை சில மாதங்களில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியளவுக்குக் குறைத்துவிடும். சுரப்பியின் மற்றப் புரதங்களும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. சிறுநீர்த் தொற்று உள்ளவர்களைக் குணமான பிறகு அழையுங்கள். அண்மையில் பயாப்சி செய்தவர் என்றால் குறைந்தது ஆறு வாரங்கள் காத்திருங்கள்.

பயாப்சியும் தவறும் என்பதை மறக்க வேண்டாம். ஊசி படாத இடத்தில் கட்டி இருந்திருக்கலாம். "நோய் இல்லை" என்ற குழுவில் சிலருக்கு நோய் இருக்கும். எம்.ஆர்.ஐ. வழிகாட்டுதலோடு செய்த பயாப்சியும், ஓரிரு ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் இந்தக் கலப்படத்தைக் குறைக்கும்.

3. எந்தத் திரவம் என்று தேர்ந்தெடுங்கள்

ரத்தம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் ரத்தச் சீரத்தில் அல்புமின் மட்டும் 35 முதல் 50 மில்லிகிராம் இருக்கிறது. பி.எஸ்.ஏ. 4 நானோகிராம் என்று வைத்தால், அல்புமின் அதைப்போல் சுமார் ஒரு கோடி மடங்கு. பி.எஸ்.ஏ.க்கே இந்த நிலை என்றால், அதைவிடக் குறைவாகக் கசியும் புரதத்தைப் பொதுவான தேடலில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

விந்துநீர் நேர் எதிர். அதில் பி.எஸ்.ஏ. மில்லிகிராம் அளவில் இருக்கிறது. புராஸ்டேட் அமில பாஸ்படேஸ், பீட்டா மைக்ரோசெமினோபுரோட்டீன் போன்றவையும் தாராளம். இரண்டு தடைகள் உண்டு. அதன் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்து வருகிறது. அங்கிருந்து வரும் செமினோஜெலின்கள் மற்றவற்றை மூடி மறைக்கும். இந்த வயதினரில் பலரால் மாதிரி தரவும் இயலாது. இயலாதவர்கள் விடுபடும்போது, மீந்திருப்பவர்கள் கேள்விக்குரிய கூட்டத்தைப் பிரதிபலிக்க மாட்டார்கள்.

மலக்குடல் வழியாக மருத்துவர் விரலால் சுரப்பியை அழுத்திப் பரிசோதித்த உடனே வரும் முதல் சிறுநீரையே நான் பரிந்துரைப்பேன். அழுத்தத்தால் சுரப்பியின் நீர் சிறுநீர்க்குழாய்க்குள் இறங்குகிறது. அடுத்து வரும் சிறுநீர் அதைக் கழுவிக் கொண்டுவருகிறது. ஊசியும் வேண்டாம், பரிசோதனை எப்படியும் நடக்கவிருந்ததுதான். இனி வரும் படிகள் இந்தச் சிறுநீருக்கானவை.

4. முதல் நோயாளி வருமுன் தயாராக இருக்க வேண்டியவை

நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம். மாதிரியைப் பல ஆண்டுகள் சேமிக்கவும் வேறு கேள்விகளுக்குப் பயன்படுத்தவும் இப்போதே ஒப்புதல் கேளுங்கள்; பிறகு தேடிப்பிடித்துக் கேட்பது நடக்காது.

புரதம் ஒட்டாத குழாய்கள், ஒரே தயாரிப்பு, ஒரே தொகுதி எண், ஆய்வு முழுவதற்கும் போதுமான அளவு. உறைகுளிரிலும் உரியாத பார்கோடு சீட்டுகள். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இடம், மின்சாரம் நின்றால் அழைக்கும் எச்சரிக்கை மணி. சிறுநீர்ச் சோதனைப் பட்டைகள். கிரியாட்டினினும் (சிறுநீரகம் சீராக வெளியேற்றும் கழிவுப்பொருள்) சிறுநீர் பி.எஸ்.ஏ.யும் அளக்கும் வசதி.

ஒரு புள்ளியியலாளரும் வேண்டும், இந்தக் கட்டத்திலேயே. தரவு வந்த பிறகு அவரிடம் போனால், ஆய்வு ஏன் தேறாது என்று மட்டுமே அவரால் விளக்க முடியும். ஒரு கணக்கைப் பாருங்கள்: உங்கள் சோதனை 50 புற்றுநோயாளிகளில் 45 பேரைப் பிடித்தால் உணர்திறன் 90 சதவீதம். ஆனால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) ஏறத்தாழ 78 முதல் 97 வரை விரிகிறது. 78 என்றால் நூற்றில் இருபத்திரண்டு பேரின் நோய் தப்பிவிடுகிறது. எத்தனை பேர் தேவை என்பதை இப்படிப்பட்ட கணக்குதான் சொல்ல வேண்டும்.

5. மாதிரி எடுக்கும் அறையில்

முதலில் ரத்தம். பரிசோதனையால் பி.எஸ்.ஏ. சிறிது உயரக்கூடும் என்பதால் ரத்தம் அதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். முந்தைய இரண்டு நாட்களில் விந்து வெளியேறியதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்கும் இளம் ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். அமைதியாக, தனியறையில் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

அடுத்து அழுத்தம். சுரப்பியின் ஒவ்வொரு மடலையும் வெளியிலிருந்து நடுக்கோட்டை நோக்கி, மேலிருந்து கீழாக, மூன்று முறை. எண்ணிக்கையையும் திசையையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மருத்துவர் லேசாகத் தொட்டுவிட்டு விடுவார், இன்னொருவர் அழுத்தமாகச் செய்வார். ஒருவரிடம் புற்றுநோயாளிகள் அதிகம் வருவதாக இருந்தால், உங்கள் "உயிர்க்குறிப்பான்" அவருடைய விரலின் பலமாக முடியும். பரிசோதித்தவர் யார் என்பதையும் படிவத்தில் பதியுங்கள்.

பிறகு முதலில் வரும் 20 முதல் 30 மில்லிலிட்டர் சிறுநீர். இங்கே செவிலியர்களிடம் தனியாகப் பேச வேண்டும். தொற்றுப் பரிசோதனைக்கு முதல் சிறுநீரை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்லியே அவர்கள் பழகியவர்கள். இங்கே அதைச் செய்தால், தேடிவந்த பொருள் கழிவறைக்குப் போய்விடும். எங்கள் தொடக்க நாட்களில் சில மாதிரிகளில் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ இல்லவே இல்லை. விசாரித்தபோது காரணம் இதுவாகத்தான் இருந்தது. சிறுநீரில் பி.எஸ்.ஏ. அளக்கச் சொன்னதன் பயன் இதுதான்: சுரப்பி நீர் வந்து சேர்ந்ததா என்பதை அது சொல்லிவிடும்.

சோதனைப் பட்டையை நனைத்து, ரத்தமும் வெள்ளணுக்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவுகூட ஹீமோகுளோபினையும் அல்புமினையும் கொட்டிவிடும். குழாயைப் பனிக்கட்டியில் வையுங்கள், நேரத்தை எழுதுங்கள்.

6. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியவை

மையவிலக்கு இயந்திரத்தில் 1,000 முதல் 2,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வரை ஒரு விசையைத் தேர்ந்தெடுத்து, 10 நிமிடம் சுழற்றுங்கள். சிறுநீரில் உதிர்ந்து மிதக்கும் செல்களை அடியில் தள்ளுவதற்காக இது. சுழற்றாமல் உறைய வைத்தால் செல்கள் வெடித்து உள்ளிருக்கும் புரதங்கள் வெளியே வரும். அவை உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதவை. செல் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுபவை. நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி என்று எழுதாதீர்கள். சுழலியின் ஆரம் மாறினால் விசையும் மாறும். எப்போதும் ஜி அளவில் எழுதுங்கள்.

மேல்நீரை எடுக்கும்போது கடைசி அரை மில்லிலிட்டரை விட்டுவிடுங்கள். பேராசையில் அதையும் உறிஞ்சினால் செல்கள் கூடவே வரும். அடியில் தங்கியதைத் தனிக் குழாயில் சேமிக்கலாம்.

மேல்நீரை ஒரு மில்லிலிட்டர் வீதம் பல குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். பிரித்து வைப்பது, ஒரே மாதிரியை மீண்டும் மீண்டும் உருக்கி உறைய வைக்காமல் இருப்பதற்காக. எந்தக் குழாய் எத்தனை முறை உருகியது என்பதற்கும் பதிவேடு வேண்டும்.

புரதச் சிதைவைத் தடுக்கும் மருந்து சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். விரைவாகக் குளிர்வித்து, சுழற்றி, உறைய வைக்க முடியுமானால் நான் சேர்ப்பதில்லை. அவற்றில் சில, புரதங்களோடு தாமே ஒட்டி நிறையை மாற்றிவிடும். எப்படியானாலும் எல்லோருக்கும் ஒரே முடிவு. பாதி மாதிரிகளில் சேர்த்து, பாதியில் சேர்க்காமல் விடுவதே பெரிய தவறு.

உருக்கும்போது குழாயில் வெண்மையான படிவு தெரியும். அழுக்கு என்று நினைத்து மறுபடி சுழற்றிக் கொட்டிவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி யூரோமாடுலின், சிறுநீரில் மிக அதிகமாக உள்ள புரதங்களில் ஒன்று. நூல்போல் பின்னிக்கொண்டு, புராஸ்டேட் செல்கள் வெளிவிடும் நுண்பைகளையும் சிக்கவைத்து வைத்திருக்கும். அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, நன்கு கலக்கி, கரைந்த பிறகு எடுங்கள்.

7. ஆய்வகத்துக்குள் நுழையும்போதே வரிசையைக் கலையுங்கள்

தட்டில் மாதிரிகளை அடுக்கும் முன், கணினியால் வரிசையைத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நோயுள்ளவர், இல்லாதவர், வயது, சேகரித்த இடம், சேமித்த காலம் ஆகியவை ஏறத்தாழச் சம விகிதத்தில் இருக்க வேண்டும். தட்டில் வேலை செய்பவருக்கு எது யாருடையது என்று தெரியக் கூடாது.

இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்களின் வருத்தத்தை நேரில் கண்டிருக்கிறேன். புற்றுநோய் மாதிரிகள் முதல் வாரத்திலும் மற்றவை அடுத்த வாரத்திலும் ஓடின. இடையில், கருவிக்கு முன் மாதிரியின் கூறுகளைப் பிரிக்கும் குழாய் மாற்றப்பட்டது. வந்த வேறுபாடு நோயினுடையதா, குழாயினுடையதா? அதைச் சொல்ல உலகில் எந்தப் புள்ளியியலும் கிடையாது. ஒன்றரை ஆண்டு உழைப்பு அப்படியே நின்றது. தந்தவர்களின் சிறுநீரும் நம்பிக்கையும் அதோடு வீணானதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிதளவு எடுத்துக் கலந்து ஒரு பொதுக் கலவை செய்யுங்கள். அதைச் சிறு குழாய்களாக்கி, ஒவ்வொரு தட்டிலும் மற்ற மாதிரிகளைப் போலவே தொடக்கத்திலிருந்து தயாரியுங்கள். கலவைக்குள் மாறுதல் கிடையாது. அதில் தெரியும் ஏற்ற இறக்கம் முழுவதும் உங்கள் கைகளுடையது.

8. புரதத்தைப் பெப்டைடாக்குங்கள்

கருவி அளக்கப்போவது முழுப் புரதத்தை அல்ல, அதை வெட்டிய சிறு துண்டுகளான பெப்டைடுகளை. சிறுநீரில் புரதம் குறைவு. உப்பும் யூரியாவும் நிறமிகளும் அதிகம். எனவே முதல் வேலை செறிவூட்டிக் கழுவுவது. நுண்துளை வடிகட்டி, மெத்தனால்-குளோரோஃபார்ம் வீழ்படிவு, காந்த மணிகள் என வழிகள் பல. மாதிரி எண்ணிக்கை நூறைத் தாண்டினால் 96 குழித் தட்டில் செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள்.

புரத அளவைக் கழுவிய பிறகு அளங்கள். தாமிரத்தை ஒடுக்கி நிறம் காட்டும் சோதனைகளைச் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் ஏமாற்றும். இருப்பதைவிட அதிகப் புரதம் இருப்பதாகத் தெரியும்.

அடுத்து டைதையோதிரெய்ட்டால் சேர்த்துக் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, அயோடோஅசிட்டமைடால் மூடுங்கள். பின்னது ஒளியில் கெடும். அன்றன்று கரைத்து இருட்டில் பயன்படுத்துங்கள். யூரியாக் கரைசலில் செய்கிறீர்கள் என்றால் 37 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். சூட்டில் யூரியா சிதைந்து, புரதத்தின் ஓர் அலகான லைசினில் ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாறுகிறது. அப்படி ஒட்டிய லைசினில், புரதத்தைத் துண்டாக்கும் நொதியான டிரிப்சின் வெட்டாது. அவசரத்தில் வெப்பத்தைக் கூட்டிவிட்டு, பெப்டைடுகள் ஏன் குறைந்தன என்று வாரக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

டிரிப்சின் சேர்க்கும் முன் யூரியாவை 1 மோலாருக்குக் கீழே நீர்த்துப்போகச் செய்யுங்கள். புரதத்தில் ஐம்பதில் ஒரு பங்கு டிரிப்சின், 37 டிகிரி, ஓர் இரவு. காலையில் அமிலம் சேர்த்தால் வினை நிற்கும். பிறகு பெப்டைடுகளைப் பிடித்துக்கொள்ளும் சி-18 பொதியில் உப்பு நீக்கி, உலர்த்தி வையுங்கள்.

கையுறை, நீண்ட கை உடை, தலைமறைப்பு ஆகியவை உங்கள் தோலிலும் முடியிலும் உள்ள கெராட்டின் மாதிரிக்குள் விழாமல் இருக்க. சோப்பு வகைப் பொருட்களால் கழுவிய கண்ணாடிக் கலங்களைப் பயன்படுத்தாதீர்கள். துளி சோப்பு மீந்திருந்தாலும் அதன் சமிக்ஞை மற்றவற்றை அமுக்கிவிடும்.

9. கருவியில் ஓட்டுங்கள்

தேடல் கட்டத்துக்கு, நிறை எல்லை முழுவதையும் சன்னல் சன்னலாக உடைத்து அளக்கும் டி.ஐ.ஏ. முறையைத் தேர்ந்தெடுப்பேன். பிரகாசமான பெப்டைடுகளை மட்டும் பொறுக்கும் பழைய முறையில், ஒருவரிடம் தென்பட்ட புரதம் மற்றவரிடம் வெற்றிடமாக வரும் தொல்லை அதிகம்.

எட்டு அல்லது பத்து மாதிரிகளுக்கு ஒருமுறை பொதுக் கலவையை ஓட்டுங்கள். வெற்று ஓட்டமும் இடையிடையே வேண்டும். முந்தைய மாதிரியின் மிச்சம் அடுத்ததில் தெரிகிறதா என்று அது காட்டும். கலவையின் எண்கள் சரியத் தொடங்கினால் உடனே நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். "இந்தத் தட்டு முடியட்டும்" என்று விட்டால் அந்தத் தட்டே போய்விடும்.

10. தரவைச் சுத்தம் செய்யும்போது ஏமாறாதீர்கள்

பெப்டைடு அளவிலும் புரத அளவிலும் பொய்க் கண்டுபிடிப்பு விகிதத்தை (அடையாளம் கண்டவற்றில் தவறானவற்றின் பங்கை) 1 சதவீதத்தில் நிறுத்துங்கள். கெராட்டின், டிரிப்சின் போன்ற மாசுப் புரதங்களின் பட்டியலையும் தேடலில் சேருங்கள். இல்லையென்றால் அவற்றின் சமிக்ஞைகள் வேறு பெயர்களில் வந்து உட்காரும்.

எதைக் கொண்டு ஈவு காண்பது என்பதில் நிதானம் தேவை. சாதாரணச் சிறுநீர் ஆய்வில் கிரியாட்டினினால் வகுப்பார்கள். ஒருவர் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்ற வேறுபாட்டை அது சரிசெய்யும். நம்மிடம் இருப்பது இரண்டு ஊற்றுகளின் கலவை. சிறுநீரகத்திலிருந்து வந்த பகுதிக்குக் கிரியாட்டினின் பொருந்தும். அழுத்தத்தால் இறங்கிய சுரப்பி நீருக்குப் பொருந்தாது. அது விரலின் அழுத்தத்தையும் சுரப்பியின் அளவையும் பொறுத்தது. சுரப்பியின் புரதங்களைச் சிறுநீர் பி.எஸ்.ஏ.யால் வகுக்கலாம், ஆனால் பி.எஸ்.ஏ.யின் சுரப்பே புற்றுநோயில் மாறக்கூடும். நான் இரண்டு வழியிலும் கணக்கிட்டு, எந்த வழியில் போனாலும் நிற்கும் புரதங்களையே நம்புகிறேன்.

வெற்றிடங்களை என்ன செய்வது? சிறுநீர்த் தரவில் வெற்றிடம் பெரும்பாலும் அளவு மிகக் குறைவு என்பதற்கான அடையாளம். சராசரியைப் போட்டு நிரப்பினால், இல்லாத புரதத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் ஆவோம். பாதிப் பேரிடம்கூடக் காணாத புரதத்தை விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு குழுவில் நிறைந்தும் மற்றதில் காணாமலும் இருப்பதை விடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்.

இரண்டாயிரம் புரதங்களைப் பி மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05 என்ற எல்லையில் சோதித்தால், எந்த வேறுபாடும் இல்லாதபோதே சுமார் 100 புரதங்கள் "முக்கியமானவை" என்று வரும். பன்மடங்குச் சோதனைத் திருத்தம் இல்லாமல் எந்தப் பட்டியலையும் யாரிடமும் காட்டாதீர்கள்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை உண்டு. எல்லா மாதிரிகளையும் வைத்துச் சிறந்த பத்துப் புரதங்களைப் பொறுக்கிவிட்டு, அதே மாதிரிகளில் குறுக்குச் சரிபார்ப்பு செய்வது. பொறுக்கும்போதே விடை தெரிந்துவிட்டது. பிறகு வரும் 0.95 என்ற வளைவின் கீழ்ப் பரப்புக்கு (1 என்றால் இரு குழுக்களும் முழுமையாகப் பிரிகின்றன) அர்த்தமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒதுக்கிவைத்த மாதிரிகளைத் தொடாமல், பொறுக்கும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

11. பட்டியலைக் கையால் சலியுங்கள்

கணினி தந்த பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது புராஸ்டேட்டில் உண்டாகிறதா? எந்த நோயிலும் உயரக்கூடிய அழற்சிப் புரதமா? ரத்தக் கசிவோடு வரக்கூடியதா?

ஹாப்டோகுளோபின், சீரம் அமிலாய்டு ஏ, அல்புமின், ஹீமோகுளோபின் மேலே நின்றால், பட்டை முடிவுகளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். பீட்டா மைக்ரோசெமினோபுரோட்டீன், அமில பாஸ்படேஸ், டிரான்ஸ்குளுட்டமினேஸ் 4 போன்ற சுரப்பிப் புரதங்கள் மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால் தொடர்ந்து பார்க்கத் தகுந்தவை. புற்றுநோயில் குறையும் புரதமும் நல்ல குறிப்பான்தான்; உயர்பவற்றை மட்டும் தேடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

12. புதிய மனிதர்களிடம், குறிவைத்து அளங்கள்

தேடலில் கிடைத்தது ஒப்பீட்டு அளவு மட்டுமே. சரிபார்ப்புக்கு, ஒவ்வொரு புரதத்துக்கும் ஓரிரு பெப்டைடுகளைத் தேர்ந்து, கன ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை கூடிய வகை) சேர்த்த அதே பெப்டைடைத் தெரிந்த அளவில் மாதிரியோடு கலந்து அளக்க வேண்டும். லைசினில் முடிவது சுமார் 8 டால்டன், ஆர்ஜினினில் முடிவது சுமார் 10 டால்டன் கூடுதலாக இருக்கும், மற்றெல்லாவற்றிலும் இரட்டையர். கருவி எவ்வளவு தடுமாறினாலும் இருவரும் சேர்ந்தே தடுமாறுவதால் விகிதம் நிலைக்கும்.

தேர்ந்தெடுக்கும் பெப்டைடு மனிதப் புரதங்களில் வேறு எதிலும் இருக்கக் கூடாது. மெத்தியோனின் உள்ளதைத் தவிர்க்கப் பாருங்கள், அது தானாக ஆக்சிஜனேற்றம் அடையும். சர்க்கரைத் தொடர் ஒட்டும் இடமும் வேண்டாம். ஒட்டிய அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

அளவுத் திருத்தக் கோடு, அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு, நாளுக்கு நாள் வரும் மாறுபாடு ஆகிய மூன்றையும் நோயாளி மாதிரிகளைத் தொடுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். பொதுக் கலவையில் மாறுபாடு 20 சதவீதத்தைத் தாண்டும் புரதத்தை நான் மேலே கொண்டுபோவதில்லை.

மாதிரிகள் புதியவர்களுடையதாக இருக்க வேண்டும். முடிந்தால் வேறு மருத்துவமனையிலிருந்து. தேடலில் இருந்த அதே ஆட்களை வேறு கருவியில் அளப்பது, கருவியைச் சரிபார்ப்பது மட்டுமே.

13. எல்லையைப் பூட்டிவிட்டுக் குறியீட்டைத் திறங்கள்

எந்தப் புரதங்கள், எந்தச் சூத்திரம், எந்த எண்ணுக்கு மேல் "பயாப்சி தேவை" என்பதைத் தேதியிட்டு எழுதி, புள்ளியியலாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகே யாருக்கு நோய் என்ற குறியீடு திறக்கப்பட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு எல்லையைச் சற்று நகர்த்தும் ஆசை எல்லோருக்கும் வரும்.

ஒப்பிட வேண்டியது, ஏற்கெனவே மருத்துவர் கையில் இருப்பதோடு: வயது, பி.எஸ்.ஏ., கட்டற்ற பி.எஸ்.ஏ. விகிதம் (மற்றப் புரதங்களோடு ஒட்டாத பி.எஸ்.ஏ.யின் பங்கு), சுரப்பியின் அளவுக்கேற்ற பி.எஸ்.ஏ. அடர்த்தி, எம்.ஆர்.ஐ. இவற்றோடு உங்கள் புரதங்களைச் சேர்த்தால் கணிப்பு மேம்படுகிறதா? தனியாக நின்று நன்றாகத் தெரியும் குறிப்பான், பி.எஸ்.ஏ. அடர்த்தியோடு சேரும்போது எதையும் கூட்டாமல் போவது வழக்கமாக நடப்பதுதான்.

வளைவின் கீழ்ப் பரப்பு என்ற ஒற்றை எண்ணோடு நிற்காதீர்கள். நோயாளிக்கும் மருத்துவருக்கும் தேவையானது வேறு: இந்தச் சோதனையை நம்பினால் நூறு பேரில் எத்தனை பேர் பயாப்சியிலிருந்து தப்புகிறார்கள், அதற்கு விலையாகத் தரக்குழு 2 அல்லது அதற்கு மேற்பட்ட எத்தனை புற்றுநோய்கள் தவறிப்போகின்றன. இரண்டு எண்களையும் நம்பக இடைவெளியோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு மூலத் தரவுக் கோப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். சேகரிப்பு முறை, ஓட்டிய வரிசை, தொகுதி எண்கள் எல்லாம் உடன் இருக்கட்டும், நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம். சரிபார்ப்பில் தோற்ற புரதங்களின் எண்களையும் அதே அட்டவணையில் சேருங்கள். அடுத்தவர் அதே புரதத்துக்காக இன்னும் நூறு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.